முழு நட்டமும் கைவிடல் அறிவித்தலும்: கொழும்பில் சரக்கு இறக்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புறக்கோட்டையில் இறக்குமதி செய்கிறவர்கள், தேயிலையும் கறுவாவும் அனுப்புகிறவர்கள், வார்ஃப் கிளார்க்குகள், காப்புறுதிக் கம்பனியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்று பலரும் கேட்கிற கேள்விகள் இவை. படிக்கும்போது உங்கள் பொலிசியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும், நான் எழுதியிருப்பது அல்ல.

என் சரக்கு நாசம். இது முழு நட்டம்தானே?

பெரும்பாலும் இல்லை. ஆளுக்கு ஆள் “டோட்டல் லொஸ்” என்று சொல்வோம், ஆனால் சட்டத்தில் அதற்குள் நுழைகிற வாசல் ஒடுக்கமானது.

முதல் வகை, மெய்யான முழு நட்டம். சரக்கு எரிந்தோ மூழ்கியோ அழிந்திருக்க வேண்டும். அல்லது நீங்கள் காப்புறுதி செய்த பொருள் என்று இனிச் சொல்ல முடியாத அளவுக்கு மாறிப்போயிருக்க வேண்டும். அல்லது திரும்பக் கிடைக்கவே கிடைக்காத மாதிரி உங்கள் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இருந்தால் யாருக்கும் எந்தக் கைவிடல் அறிவித்தலும் (மிச்சமிருக்கும் சரக்கைக் கம்பனிக்கே விட்டுவிடுகிறேன் என்று சொல்வது) கொடுக்கத் தேவையில்லை, நேராகக் காசைக் கேட்கலாம்.

இரண்டாவது வகைதான் தலைவலி. சரக்கோ கப்பலோ இன்னும் இருக்கிறது, ஆனால் அதை மீட்டு, திருத்தி, சேர வேண்டிய இடத்துக்குச் சேர்க்கிற செலவு அதன் பெறுமதியைத் தாண்டிவிடும். இதை கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லொஸ் என்பார்கள், வாயில் வருவது சி.டி.எல். இங்கே உங்களுக்கு இரண்டு வழி உண்டு. பகுதி நட்டமாகக் கேட்கலாம், அல்லது மிச்சத்தை முழுவதுமாகக் கம்பனிக்குக் கைவிட்டு முழுத் தொகையையும் கேட்கலாம். இரண்டாவதற்கு அறிவித்தல் வேண்டும். அது இல்லாவிட்டால் உங்கள் கோரிக்கை பகுதி நட்டமாகவே நின்றுவிடும்.

ஏதோ இங்கிலாந்துச் சட்டத்தைக் காட்டுகிறார்கள். நாம் இருப்பது இலங்கையில் அல்லவா?

1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க சிவில் சட்டக் கட்டளைச் சட்டம், கப்பல் சம்பந்தப்பட்ட காப்புறுதி, சல்வேஜ் (ஆபத்தில் சிக்கிய கப்பலையும் சரக்கையும் மீட்பது), அவரேஜ் (கடல் நட்டத்தைக் கணக்கிட்டுப் பங்கிடுவது) போன்ற விடயங்களில் அந்தந்தக் காலத்தில் இங்கிலாந்தில் செல்லுகிற சட்டமே இங்கும் செல்லும் என்று சொல்லிவிட்டது. அதனால் 1906ஆம் ஆண்டின் பிரித்தானியக் கடல் காப்புறுதிச் சட்டம்தான் நமக்கும் அடிப்படை. முழு நட்டமும் கைவிடலும் அதில் 56 முதல் 63 வரையான பிரிவுகளில் இருக்கின்றன. அது போதாதென்று, கொழும்பில் விற்கிற சரக்குப் பொலிசிகளில் சாதாரணமாக ஒட்டியிருக்கும் இன்ஸ்டிடியூட் கார்கோ வாசகங்களும் (லண்டன் சந்தையின் பொது நிபந்தனைகள்) ஆங்கிலச் சட்டமும் நடைமுறையும் பொருந்தும் என்றே முடிகின்றன. கம்பனி ஆள் லண்டன் வழக்கைக் காட்டினால் அவர் வெருட்டவில்லை, உங்கள் பொலிசியைத்தான் வாசிக்கிறார்.

பொருள் “மாறிப்போனது” என்று எப்போது சொல்லலாம்?

நோன்பு காலத்துக்குப் பேரீச்சம்பழம் இறக்குகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்கலாம். 1890களில் பேரீச்சம்பழம் ஏற்றிய ஒரு கப்பல் லண்டனில் தேம்ஸ் ஆற்றில் மூழ்கியது. தூக்கியெடுத்தபோது பழம் சேற்றிலும் கழிவு நீரிலும் ஊறிக் களியாகியிருந்தது. ஆள் தின்ன முடியாது. ஆனால் சாராயம் வடிக்க ஒருவர் நல்ல காசு கொடுத்து வாங்கினார். பார்த்தால் பேரீச்சம்பழம் மாதிரித்தான் இருந்தது, விலையும் போனது. ஆனாலும் வியாபாரத்தில் அது பேரீச்சம்பழம் இல்லை என்று 1896இல் நீதிமன்றம் சொன்னது. அஸ்ஃபார் எதிர் பிளண்டெல் என்ற வழக்கு.

அதற்கு முன்பே, 1836இல், தோல் மூட்டைகள் பற்றிய ரூ எதிர் சல்வடோர் வழக்கு இருக்கிறது. வால்பறைசோவிலிருந்து பிரான்சுக்குப் போன தோல் கடல் நீர் பட்டு அழுகத் தொடங்கியது. கொண்டுபோனால் சேரும்போது தோலே இருக்காது என்ற நிலையில் ரியோவில் விற்றுவிட்டார்கள். அதுவும் மெய்யான முழு நட்டம், அறிவித்தல் தேவையில்லை என்றே தீர்ந்தது.

இதை வைத்துக்கொண்டு, ஈரம் பட்ட பருப்பு கால்நடைத் தீவனத்துக்குப் போனால் அதுவும் முழு நட்டம்தானே என்று கேட்கலாம். முழுதும் ஊறி, முளைத்து, பூஞ்சணம் பிடித்து, மனிதருக்கு உணவாக விற்கவே முடியாது என்று அறிக்கை வந்தால் வாதாட இடம் உண்டு. மேல் அடுக்கு மட்டும் நனைந்து மிச்சத்தைப் புடைத்து எடுக்கலாம் என்றால் இல்லை. சேதத்தைப் பார்த்து மதிப்பிடுகிற சர்வேயரின் அறிக்கையில் இந்த ஒரு வரி எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் அவர் பார்க்க வரும்போது நீங்களோ உங்கள் ஆளோ கட்டாயம் பக்கத்தில் நில்லுங்கள்.

எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் போன சரக்கெல்லாம் எந்த வகை?

2021 மே 20ஆம் தேதி கொழும்புக்கு வெளியே தீப்பிடித்தபோது அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. எரிந்து சாம்பலானது மெய்யான முழு நட்டம், அதில் பேச ஒன்றுமில்லை. நீர்கொழும்புப் பக்கம் கரையொதுங்கிய பிளாஸ்டிக் துகள்களை நினைத்துப் பாருங்கள். பொருள் அழியவில்லை, கண்முன்னே கடற்கரையில் கிடந்தது. ஆனால் மணலோடும் எரிந்த கழிவோடும் கலந்ததைப் பொறுக்கி எந்தத் தொழிற்சாலைக்கு அனுப்புவது? சரக்குக்காரருக்கு அது திரும்பக் கிடைக்காமல் போன பொருள்தான்.

இந்தக் கப்பல் விடயத்தில் பலரும் குழப்பிக்கொள்வது வேறொன்று. 2025 ஜூலையில் நமது உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் செலுத்தச் சொன்னதே, அது சூழலுக்கும் மக்களுக்கும் நேர்ந்த கேட்டுக்கான நட்டஈடு, பொறுப்பு சம்பந்தப்பட்டது. கப்பல் உடலின் காப்புறுதி ஒரு கணக்கு, சரக்குக் காப்புறுதி இன்னொன்று, மூன்றாம் ஆட்களுக்கான பொறுப்பு மூன்றாவது. வழக்கமாக அந்த மூன்றாவதைக் கப்பல்காரர்களின் பரஸ்பரக் கழகங்கள் பார்க்கும். உங்கள் சரக்குக் கோரிக்கைக்கும் அந்தத் தீர்ப்புக்கும் தொடர்பில்லை.

சி.டி.எல். கணக்கை எப்படிப் போடுவது?

பேச்சுக்கு ஒரு கணக்கு. ஐரோப்பாவிலிருந்து இயந்திரம் வருகிறது, வழியில் கப்பலில் தீ, சரக்கை ஓமானின் சலாலா துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். திருத்திக் கொழும்புக்கு வந்து சேர்ந்தால் அதன் பெறுமதி 200 இலட்சம். திருத்த 120, கொண்டுவர 50 ஆக 170 என்றால் அது சி.டி.எல். இல்லை; திருத்தும் செலவைப் பகுதி நட்டமாகக் கேட்கலாம், காப்புறுதி செய்த ஆபத்தால் பயணம் அங்கேயே முடிந்திருந்தால் அனுப்பும் செலவையும் தனியாகக் கேட்கலாம். திருத்த 160, கொண்டுவர 55 ஆக 215 வந்தால் சி.டி.எல்., உடனே அறிவித்தல் கொடுக்க வேண்டும்.

பலர் தவறவிடுகிற இடம் இது: ஒப்பிட வேண்டியது பொலிசியில் எழுதியிருக்கும் தொகையோடு அல்ல, வந்து சேரும் இடத்தில் அந்தப் பொருளுக்கு உள்ள உண்மையான பெறுமதியோடு. பொலிசியில் வழமையாக சி.ஐ.எஃப். விலையும் (பொருளின் விலை, காப்புறுதி, கப்பல் கூலி சேர்ந்தது) அதன்மேல் 10 வீதமும் போட்டிருப்பார்கள். சி.டி.எல். ஆகிறதா என்று பார்க்க அந்தத் தொகை முடிவானதல்ல, பொலிசி அப்படிச் சொன்னால் ஒழிய. ஆனால் சி.டி.எல். என்று ஆனபிறகு கம்பனி கட்டுவது அந்த ஒப்புக்கொண்ட தொகை. சந்தையில் விலை விழுந்திருக்கும் காலத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கும், அதனால்தான் அப்படியான காலத்தில் கம்பனிகள் சி.டி.எல். என்ற சொல்லைக் கேட்டாலே உஷாராகிவிடுவார்கள்.

கப்பல் உடலுக்கு வேறு மாதிரி. 1983 இன்ஸ்டிடியூட் வாசகங்களில் காப்புறுதித் தொகையையே திருத்திய கப்பலின் பெறுமதியாக எடுப்பார்கள், 2003ஆம் ஆண்டின் சர்வதேச வாசகங்களில் அதன் 80 வீதத்தைச் செலவு தாண்டினாலே போதும். நெடுநாள் படகு வைத்திருக்கிறவர்களின் பொலிசி இதிலெல்லாம் சேராமலும் இருக்கலாம். வீதம் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

அறிவித்தலை எப்போது, எப்படிக் கொடுப்பது?

நம்பகமான தகவல் கிடைத்தபிறகு தாமதிக்காமல். தகவல் சந்தேகமாக இருந்தால் விசாரிக்க நியாயமான அவகாசம் உண்டு. நாள் கணக்கு எதையும் சட்டம் சொல்லவில்லை. ரெனோஸ் என்ற கப்பல் 2012 ஆகஸ்டில் செங்கடலில் தீப்பிடித்தது, அறிவித்தல் கொடுத்தது 2013 பெப்ரவரியில். திருத்தும் செலவு பற்றி ஆளுக்கொரு மதிப்பீடு வந்துகொண்டிருந்ததால் அந்த ஐந்து மாதத்தை இங்கிலாந்து நீதிமன்றங்கள் மன்னித்தன. உங்களை மன்னிப்பார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். அதே வழக்கில், அறிவித்தலுக்கு முன் செலவழித்த மீட்புக் காசும் சி.டி.எல். கணக்கில் சேரும் என்று 2019இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. அது கோரிக்கை கேட்கிறவருக்கு நல்ல செய்தி.

வாயால் சொன்னாலும் சட்டப்படி செல்லும். ஆனால் போனில் சொன்னதை நாளைக்கு யார் ஒப்புக்கொள்வார்கள்? மின்னஞ்சலில், புரோக்கருக்கும் பிரதி வைத்து அனுப்புங்கள். இரண்டு விடயம் தெளிவாக வர வேண்டும்: சரக்கில் உங்களுக்குள்ள உரிமை முழுவதையும் கைவிடுகிறீர்கள், அது நிபந்தனையற்றது. “மேற்படி சரக்கில் எங்களுக்குள்ள உரிமை முழுவதையும் நிபந்தனையின்றி உங்களிடம் கைவிடுகிறோம், முழு நட்டமாகக் காப்புறுதித் தொகை முழுவதையும் கோருகிறோம்” என்ற பொருள் வந்தால் போதும், சட்டத்தரணி நடை தேவையில்லை. “இது பற்றி உங்கள் ஆலோசனையை எதிர்பார்க்கிறோம்” என்று மட்டும் எழுதினால் அது அறிவித்தல் அல்ல, சாதாரணக் கடிதம்.

கம்பனி மறுத்துவிட்டது. என் வாய்ப்பு போய்விட்டதா?

இல்லை, பயப்படாதீர்கள். மறுப்புத்தான் வழமை, ஏற்றுக்கொள்வது அபூர்வம். ஏற்றுக்கொண்டால் கம்பனி பொறுப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும், பிறகு பின்வாங்க முடியாது. அதனால் யாரும் அவசரப்பட்டு ஏற்கமாட்டார்கள். முறையாகக் கொடுத்த அறிவித்தலை அவர்கள் மறுத்ததால் உங்கள் உரிமை குறையாது என்று 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62ஆம் பிரிவு சொல்கிறது.

மறுக்கும்போது ஒரு வரி கேட்டு வாங்குங்கள். முழு நட்டமா இல்லையா என்பதை ஆங்கிலச் சட்டம் வழக்குத் தாக்கல் செய்த நாளின் நிலைமையை வைத்துப் பார்க்கும். அறிவித்தல் கொடுத்தபிறகு, வழக்குப் போடுவதற்குள் கப்பலோ சரக்கோ மீண்டுவிட்டால் உங்கள் கோரிக்கை சரிந்துவிடலாம். அதனால் “அறிவித்தலை ஏற்கவில்லை, ஆனால் இன்றைக்கே வழக்குத் தாக்கலானது போல உங்களை நடத்துவோம்” என்று கம்பனிகள் எழுதிக்கொடுப்பது சந்தை வழக்கம். பெரிய கம்பனிகள் கேட்காமலே எழுதும். எழுதாவிட்டால் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

பதிலே வரவில்லை. ஆனால் சர்வேயரை அனுப்பினார்கள், சரக்கை மூடியும் வைத்தார்கள். ஏற்றுக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

இல்லை. மௌனம் ஏற்பு ஆகாது. சரக்கைக் காப்பாற்ற அவர்கள் எடுத்த நடவடிக்கையும் ஏற்பு ஆகாது, அதேபோல நீங்கள் எடுத்த நடவடிக்கை கைவிடலை விட்டுக்கொடுத்ததாகவும் ஆகாது. இன்ஸ்டிடியூட் வாசகங்களில் இதற்கென்றே ஒரு பந்தி உண்டு.

கைவிட்டாயிற்று. இனி சரக்கு அவர்கள் பாடு, டிமரேஜும் (துறைமுகத்தில் தாமதித்துக் கிடப்பதற்கான கட்டணம்) அவர்கள் பாடுதானே?

இந்தக் கேள்வியில்தான் அதிகம் பேர் காசை இழக்கிறார்கள். கைவிடுகிறேன் என்று எழுதிவிட்டு, வாடகை வீட்டுச் சாவியை உரிமையாளர் வாசலில் வைத்துவிட்டுப் போகிற மாதிரிப் போக முடியாது. நட்டத்தைத் தவிர்க்கவும் குறைக்கவும் நியாயமானதைச் செய்வது உங்கள் கடமை. மூடாமல் மழையில் விட்டு அது மேலும் கெட்டால், அந்த மேலதிகக் கேட்டைக் கம்பனி உங்கள் தலையில் போடும். நியாயமான செலவுக்கு ரசீது வைத்திருங்கள். அது காப்புறுதித் தொகைக்கு மேலதிகமாகவே கிடைக்கக்கூடியது.

இன்னொரு குழப்பம்: சுங்கத்தில் சரக்கை எடுக்காமல் விட்டுவிடுவதையும் இங்கே கைவிடல் என்றே சொல்கிறார்கள். அது சுங்கத் திணைக்களத்தோடு உங்களுக்குள்ள விவகாரம். தீர்வை கூடிவிட்டது, டொலர் ஏறிவிட்டது, வாங்குபவர் பின்வாங்கிவிட்டார் என்று துறைமுகத்தில் விட்ட கொள்கலனுக்கு எந்தக் கடல் காப்புறுதியும் ஒரு சதம் தராது.

கம்பனி சிதைவை எடுத்தே ஆகவேண்டுமா?

வேண்டியதில்லை. எடுக்க உரிமை உண்டு, கட்டாயம் இல்லை. மூழ்கிய கப்பலை எடுத்தால் அதை அகற்றும் செலவும் எண்ணெய்க் கசிவும் பின்னாலேயே வரும் என்பதால், காசைக் கட்டிவிட்டு “சொத்துரிமை எங்களுக்கு வேண்டாம்” என்று எழுதுவது சாதாரணம்.

கடற்கொள்ளையர் பிடித்தால், போரில் சிக்கினால்?

கையில் இல்லை என்பதும் திரும்பக் கிடைக்காது என்பதும் ஒன்றல்ல. 2008 ஆகஸ்டில் ஏதன் வளைகுடாவில் சோமாலியர் பிடித்த புங்கா மெலாத்தி டுவா கப்பலில் உயிரி டீசல் வைத்திருந்தவர், பிடித்த கணத்திலேயே மெய்யான முழு நட்டம் என்றார். ஏறக்குறைய ஆறு வாரத்தில் கப்பங்காசு கொடுத்துக் கப்பல் விடுதலையானது. காசு கொடுத்தால் விடுவார்கள் என்று தெரிந்த இடத்தில் மீளவே கிடைக்காது என்று சொல்ல முடியாது என 2011இல் லண்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் கோரிக்கையைத் தள்ளியது. எனக்கு அது சரியான தீர்ப்பாகவே படுகிறது, சந்தையைத் தவறவிட்ட வியாபாரியின் எரிச்சல் புரிந்தாலும்.

சி.டி.எல். என்று கேட்க, நியாயமான காலத்துக்குள் மீளக் கிடைப்பது சாத்தியக்குறைவு என்று காட்ட வேண்டும்; நிச்சயமில்லை என்று காட்டினால் போதாது. ஈரான், ஈராக் போரில் ஷத் அல் அரப் ஆற்றில் கப்பல்கள் சிக்கியபோது, பம்புரி என்ற கப்பலின் விடயத்தில் அந்தக் காலத்தை 12 மாதம் என்று எடுத்தார்கள். கப்பலுக்கான போர் அபாய வாசகங்களிலும் 12 மாதம் என்றே இருக்கும், சில பொலிசிகளில் அதைக் குறைத்திருப்பார்கள்.

செங்கடல் வழியாகச் சரக்கு எடுக்கிறவர்களுக்கு ஒன்று: இன்ஸ்டிடியூட் கார்கோ வாசகங்களில் மிக அகலமான ஏ வாசகத்திலும் போர் விலக்கப்பட்டிருக்கிறது, தனியாக வாங்க வேண்டும். கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்து நேரம் போனது தாமதம்தான். அமெரிக்காவின் பால்டிமோர் பாலத்தில் 2024 மார்ச்சில் மோதிய டாலி கப்பல் கொழும்புக்குத்தான் வந்துகொண்டிருந்தது. மே மாதம் வரை அசையாமல் நின்ற அந்தக் கப்பலில் சேதப்படாத கொள்கலன் வைத்திருந்தவருக்கும் அது தாமதமே, முழு நட்டம் அல்ல.

கப்பல் காணாமலே போய்விட்டால்?

நியாயமான காலம் கடந்தும் செய்தி இல்லையென்றால் மெய்யான முழு நட்டம் என்று கொள்ளலாம். அறிவித்தல் வேண்டாம்.

சுகாதார அதிகாரிகள் அழிக்கச் சொன்னால்?

ஏன் அழிக்கச் சொன்னார்கள் என்று பாருங்கள். வழியில் கடல் நீர் பட்டுக் கெட்டதால் என்றால் கோரிக்கைக்கு இடம் உண்டு. ஏற்றும்போதே ஈரப்பதம் கூடிய மிளகாய், தன் பாட்டிலேயே பூஞ்சணம் பிடித்தது என்றால் அது பொருளின் உள்ளியல்புக் குறை, காப்புறுதியில் விலக்கு. ஏற்றுமிடத்துப் பரிசோதனைச் சான்றிதழ் இந்த இடத்தில் தங்கத்துக்குச் சமம்.

500 மூட்டையில் 120 போச்சு, மிச்சத்திலும் கொஞ்சம் கறை. என்ன செய்வது?

முழு நட்டம் என்ற சொல்லையே மறந்துவிடுங்கள், நேரம் மிச்சம். போன 120க்கு காப்புறுதித் தொகையின் அந்தப் பங்கு கிடைக்கும். கறை பட்டதற்கு, கொழும்பில் நல்ல நிலையில் என்ன விலை, கெட்ட நிலையில் என்ன விலை என்று பார்த்து, குறைந்த வீதத்தைக் காப்புறுதித் தொகையின் அந்தப் பங்கில் போடுவார்கள். நல்லது 100, கெட்டது 40 என்றால் 60 வீதம். இங்கே பல கோரிக்கைகள் கேள்விப்பத்திரம் கேட்டு விற்று, வந்த காசைக் கழிக்கிற முறையில் முடிகின்றன. அது சுலபம், ஆனால் யார் வாங்குகிறார்கள், என்ன விலைக்கு என்பதில் கண் வைத்திருங்கள்.

கம்பனியோடு ஒத்துவரவில்லை. எங்கே போவது, எவ்வளவு காலம் இருக்கிறது?

காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம், பெரிய தொகை என்றால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம். எழுத்திலான ஒப்பந்தத்துக்கு நமது காலவிதிப்புச் சட்டத்தில் 6 ஆண்டு உண்டு.

ஆனால் கப்பல் கம்பனிக்கு எதிராக உங்களுக்கு இருப்பது, சரக்கு ஒப்படைத்த அல்லது ஒப்படைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து 1 ஆண்டு மட்டுமே. வெளியே தெரியாத சேதம் என்றால் 3 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும். காப்புறுதிக் கம்பனி உங்களுக்குக் காசைக் கட்டியபிறகு உங்கள் இடத்தில் நின்று கப்பல்காரரிடம் கேட்கும். அந்த ஓராண்டை நீங்கள் தூங்கவிட்டிருந்தால் அதையே காரணம் காட்டி உங்கள் கோரிக்கையில் கை வைப்பார்கள். அதனால் காப்புறுதிப் பேச்சு இழுபடும்போதே கப்பல் முகவருக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் போட்டு, ஆண்டு முடிவதற்கு முன்பே காலநீடிப்பை எழுத்தில் வாங்கி, அதன் பிரதியைக் காப்புறுதிக் கம்பனிக்கும் அனுப்பிவிடுங்கள்.